இரண்டு பேருக்கான உப்பு

பாடகி நோரா டன்விக் இறந்து மூன்று வாரமாகிறது. அன்றிலிருந்து பத்திரிகையைத் திறந்தால் குரல், வானொலியைத் திருப்பினால் குரல். தேன் குரல், வெண்கலக் குரல், கன்ட்ரி என்கிற வட அமெரிக்க நாட்டுப் பாட்டுக்கென்றே பிறந்த குரல். அவருடைய தொப்பியைப் பற்றி எழுதினார்கள், பூட்ஸைப் பற்றி எழுதினார்கள், மூன்று கல்யாணத்தைப் பற்றியும் விடாமல் எழுதினார்கள். அந்தப் பாட்டுகளை எழுதியது யார் என்று மட்டும் ஒரு பாவியும் எழுதவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என்னுடன் வேலை செய்த ஷாலினியைக் கூப்பிட்டு அரை மணித்தியாலம் பொரிந்து தள்ளினேன். ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை, பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் சொன்னாள்: “அங்கிள், நீங்கள்தானே அவவின்ர ஷோ எல்லாம் கப்ஷன் பண்ணினது? எனக்கு கம்ப்ளெயின் பண்ணி என்ன வரப்போகுது? இருந்து எழுதுங்கோ.”

எழுதுகிறேன்.

நான் இருபத்தாறு வருடம் கப்ஷன் எழுதியவன். தொலைக்காட்சியில் ஆட்கள் பேசும்போது திரையின் அடியில் எழுத்து வருமே, காது கேளாதவர்கள் வாசிப்பதற்காக, அதுதான் என் தொழில். கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்துகொண்டு உணவகத்தில் கோப்பை கழுவினேன். யாழ்ப்பாணத்தில் தட்டச்சுப் படித்திருந்தபடியால் பத்து விரலும் ஓடும். அதை நம்பித்தான் விண்ணப்பம் போட்டேன். பரீட்சைக்குப் பனிக்கட்டியில் ஆடுகிற ஹொக்கி ஆட்டத்தின் வர்ணனை பத்து நிமிடம் தந்தார்கள். அப்படியொரு சாமானை நான் அதற்கு முதல் கண்டதில்லை. என்ன நடக்கிறதென்று விளங்காமலே காதில் விழுந்ததெல்லாவற்றையும் தட்டிவிட்டேன். விளங்கியவர்கள் எல்லோரும் தங்கள் மனதுக்குப் பட்டதை எழுதித் தோற்றார்களாம். எனக்கு வேலை கிடைத்தது.

என் மேலதிகாரியின் பெயர் கிறேஸ். நெட்டையான பெண்மணி, கோடையிலும் கம்பளிச் சட்டை போடுவார். முதல் ஆறு மாதம் நான் அவரை ‘மடம்’ என்று மரியாதை வைத்துக் கூப்பிட்டேன். அவர் பதிலுக்கு என்னை ‘சேர்’ என்று கூப்பிட்டார். ஏழாவது மாதம் நானே வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டேன்.

அவர் யாருக்கும் ‘பிழை’ என்று சொன்னதில்லை. நாங்கள் ஒரு நிகழ்ச்சியை முடித்துக் கொடுத்ததும் தன் அறைக்குள் எங்களையும் இருத்தி, சத்தத்தை முழுக்க அடைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு தொடக்கத்திலிருந்து பார்ப்பார். ஏதாவது இடறினால் படத்தை நிறுத்துவார். “இந்த மனிதருக்கு இப்போது என்ன தெரியும்?” என்று கேட்பார். இந்த மனிதர் என்றால் எங்கோ ஒரு வீட்டில் இருந்து இதைப் பார்க்கிற, காது கேளாத ஓர் ஆள். நாடகத்தில் ஒருவன் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் கதவு தட்டப்படும், அவன் திடுக்கிட்டுத் திரும்புவான். கதவு தட்டப்படுகிறது என்று நாங்கள் எழுதாவிட்டால், அந்த மனிதருக்கு அவன் காரணமில்லாமல் துள்ளுகிற ஒரு பைத்தியம். நாங்கள் பதில் சொல்லும்வரை கிறேஸ் படத்தை ஓடவிடமாட்டார். சில நாள் அந்த அறையில் எனக்கு வேர்த்திருக்கிறது.

எங்கள் சட்டங்கள் எளியவை. ஒருவர் பேச்சுக்குத் திரையில் ஒருநேரத்தில் இரண்டு வரி. வரிக்கு முப்பத்திரண்டு எழுத்து, இடைவெளியும் அதற்குள் அடக்கம். வாசிக்கிற கண்ணுக்கு நேரம் கொடுக்க வேண்டும், ஆகவே ஒருவர் மிக வேகமாகப் பேசினால் கருத்துக் கெடாமல் சொற்களைக் குறைக்கலாம். இந்தக் குறைக்கிற வேலையில் நான் விண்ணன். அரசியல்வாதியின் பேச்சைப் பாதியாக்கி அவரையே புத்திசாலியாக்கிக் காட்டுவேன். வேலைத்தலத்தில் எனக்குக் கத்தரிக்கோல் என்று பட்டம் வைத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு அதில் பெருமை.

அந்தப் பெருமை நோரா டன்விக்கிடம்தான் அடி வாங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் நிகழ்ச்சி. அரட்டை, சமையல், நடுவில் நோராவின் ஒரு பாட்டு. மூன்று மணிக்குக் கொடுத்தாக வேண்டும், பாட்டின் சொற்களை எங்களுக்கு யாரும் அனுப்பவில்லை. அப்போதெல்லாம் நேரம் போதாவிட்டால் பாட்டுக்கு ஓர் இசைக்குறி போட்டு, என்ன வகைப் பாட்டு என்று மட்டும் எழுதிவிடுவோம். நானும் அப்படியே குறியைப் போட்டு ‘கன்ட்ரி பாட்டு’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். பாட்டுத்தானே, சோற்றுக்குப் பக்கத்தில் அப்பளம் என்பதுதான் அன்றைக்கு என் நினைப்பு.

அடுத்த வாரம் ஒஷாவாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஐறீன் என்ற பெண்மணி. பிறந்ததிலிருந்து காது கேளாதவர். கார்த் தொழிற்சாலை ஒன்றில் ஆசனம் தைக்கிற வேலை. அந்தப் பேரிரைச்சலுக்குள் தன்னைப்போலச் சந்தோசமாக வேலை செய்கிறவர் யாருமில்லை என்று முதல் வரியிலேயே பகிடி விட்டிருந்தார். பிறகு விசயத்துக்கு வந்தார். “ஒரு பெண் மூன்று நிமிடமாக வாயைத் திறந்து மூடினார் என்று அறிவித்திருக்கிறீர்கள். நன்றி. அது எனக்கு ஏற்கெனவே தெரிந்தது.”

கிறேஸ் கடிதத்தை என்னிடம் தந்தார். அந்தப் பாட்டை, சத்தமில்லாமல், என்னை இருத்திப் பார்க்க வைத்தார். மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தொப்பி போட்ட ஒரு பெண் கண்ணை மூடுகிறார், திறக்கிறார், சபையைப் பார்த்துச் சிரிக்கிறார். சபையில் ஒருத்தி கண்ணைத் துடைக்கிறாள். ஏன் துடைக்கிறாள்? கிறேஸ் வழக்கமான கேள்வியைக் கேட்கவுமில்லை. “திங்கட்கிழமை மறு ஒளிபரப்பு இருக்கிறது” என்றார், அவ்வளவுதான்.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டின் கதை இதுதான். ஒரு பெண் பழைய பிக்கப் ட்ரக் ஒன்றை விற்கப் போகிறாள். வாங்க வந்தவன் வாகனத்தில் என்ன குறை என்று கேட்கிறான். அவள் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். வலப்பக்கக் கதவு உள்ளிருந்துதான் திறக்கும். ரேடியோவில் ஒரே நிலையம்தான் பிடிக்கும். பிறகு சொல்கிறாள்: மில் வீதியைத் தாண்டும்போது மட்டும் இடப்பக்கம் இழுக்கும். வந்தவன் சரி என்று சாவியை வாங்குகிறான். பாட்டு முடிகிறது.

அந்த இடத்தில் வேகம் கூடுதல், எழுத்து இடங்கொள்ளவில்லை. கத்தரிக்கோல் சும்மா இருக்குமா? வீதியையும் ‘மட்டும்’ என்ற சொல்லையும் வெட்டினேன். ‘இடப்பக்கம் இழுக்கும்’ என்றால் போதாதா? வாகனம் ஒரு பக்கம் இழுத்தால் எல்லா வீதியிலும்தானே இழுக்கும். சில்லை அலைன்மென்ற் பார்த்தால் சரியாகிவிடும். எழுதியவருக்கு வாகனத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது மனைவி பவானிக்கு இதைப் பகிடியாகச் சொன்னேன். அவள் புட்டுக்குக் குழம்பை விட்டபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்களுக்கு உண்மையாவே விளங்கேல்லையோ?”

“என்னத்தை?”

“மில் வீதியிலை ஒருத்தி இருந்திருக்கிறாள் அப்பா. ட்ரக் விக்கிறவளின்ரை மனுசன் அங்கை போய்ப் போய் ட்ரக்குக்கே பழகிப் போச்சு. உதைக் கண்டுபிடிக்க அலைன்மென்ற் கடை வேணுமோ?” என்று சிரித்தாள். பிறகு, சிரிப்பை நிறுத்தி, “பாவம், விலை பேசேக்கை சொல்லிப்போட்டு நிக்கிறாள்” என்றாள்.

புட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுப் பாட்டை மனதுக்குள் திரும்ப ஓட்டினேன். புருசன் என்ற சொல் பாட்டில் இல்லை. துரோகம் இல்லை, கண்ணீர் இல்லை. குறைகளின் பட்டியல் ஒன்று, அதில் ஒரு குறை மட்டும் வாகனத்தின் குறை அல்ல. நான் வெட்டி எறிந்தது பாட்டையே. திங்கட்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் போய் அந்த இரண்டையும் திருப்பி ஒட்டினேன். வேறிடத்தில் குறைத்து இடம் எடுக்கலாமென்று பார்த்தேன். எதையும் எடுக்க முடியவில்லை. கதவை எடுத்தால் ரேடியோ விழுந்தது, ரேடியோவை எடுத்தால் மில் வீதி விழுந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ பெரியவர்களின் பேச்சு என் கையில் வந்திருக்கிறது. ஒரு சொல்கூட வெட்ட இடந்தராதவர் அவர் ஒருவர்தான். கடைசியில் எழுத்துகளைக் கொஞ்சம் முந்தியே திரைக்குக் கொண்டுவந்து நேரம் தேடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து நோரா எந்த நிகழ்ச்சியில் வந்தாலும் அதைக் கேட்டு வாங்கினேன். வேலைத்தலத்தில் நான் கன்ட்ரி பாட்டுப் பைத்தியம் என்று கதை பரவி, நத்தார்ப் பண்டிகைக்குத் தொப்பி ஒன்று பரிசளித்தார்கள். “உந்தத் தொப்பியோடை கோயிலுக்கு வந்தியளெண்டால் நான் பஸ்ஸிலை போவன்” என்றாள் பவானி. அவர்கள் நினைத்தது சரியல்ல. எனக்கு அந்தச் சங்கீதம் பெரிதாகப் பிடிபடவேயில்லை. எனக்குப் பிடித்தது அந்த எழுத்து.

ஒரு பாட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். பக்கத்துப் பக்கத்துக் காணி, இருபது வருடமாகப் பேச்சில்லை. நடுவேலி ஒரே இடத்தில் உடைந்துகொண்டே இருக்கிறது. உடைப்பது மற்றவன் என்று நினைத்து ஒவ்வொருவனும் கறுவிக்கொண்டு, மற்றவன் காணாத நேரம் பார்த்துத் திருத்துகிறான். கடைசிப் பந்தியில்தான் தெரிகிறது, உடைப்பது ஒரு மாடு. அந்த மாடு செத்துப்போகிறது. அதற்குப் பிறகு வேலியடிக்கு வர இருவருக்கும் காரணமில்லை. வேலிச் சண்டை என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. எல்லை வேலியின் ஒரு கதியால் தடிக்காகக் கோர்ட்டுக்குப் போன பரம்பரை நாங்கள். இருந்தும் அந்த மாடு செத்ததற்கு நான் ஹெட்ஃபோனோடு அழுதிருக்கிறேன். அந்தப் பாட்டைப் பற்றி அவரிடம் கேட்ட பேட்டியாளர், மூன்றாவது பந்தியில் எப்படி அவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டார்.

எழுதியவர் பெயர் திரையின் அடியில் பொடி எழுத்தில் போகும். என். வில்மட். எங்கள் எழுத்து அந்தப் பெயரை மறைக்கக் கூடாதென்பது சட்டம், ஆகவே அது வரும்போது கப்ஷனை மேலே தூக்கிவைப்போம். எனக்கு அந்தப் பெயர் மனப்பாடமாகிவிட்டது. யாரோ ஒரு மனிதன் என்றுதான் நினைத்தேன். ஐறீனுக்குப் பதில் எழுதியபோது அதைக் குறிப்பிட்டேன். உடனே பதில் வந்தது. “என். வில்மட் நோராவேதான். கல்யாணத்துக்கு முன்னைய பெயர். நான் பழைய இசைத்தட்டு உறைகளின் பின்பக்கத்தை வாசிக்கிறவள். முன்பக்கத்தில் அவருடைய படம் மட்டும்தான் இருக்கும்.” அப்படியே எங்களுக்குள் கடிதப் போக்குவரத்துத் தொடங்கியது. வருடத்துக்கு மூன்று நாலு வரும். ஊரெல்லாம் குரலுக்காகக் கொண்டாடிய ஒருவரை, அந்தக் குரலைக் கேட்டேயிராத ஒருத்தி எழுத்துக்காகக் கொண்டாடிக்கொண்டிருந்தார். ஐறீனுக்கு எந்தப் பந்தியில் எந்தச் சொல் என்று தெரியும். கனடா முழுக்க நோராவை இப்படி வாசித்த வேறு ஆள் இருந்திருக்கமாட்டார்.

கடினமான வேலை என் ஓய்வுக்குக் கொஞ்ச காலத்துக்கு முன் வந்தது.

நோராவுக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. ரொறன்ரோவில் ஒரு மண்டபத்தில் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். மற்றப் பாடகர்கள் அவருடைய பாட்டுகளைப் பாட, கடைசியில் அவர் நாற்காலியில் இருந்தபடி ஒரு புதுப் பாட்டைப் பாடினார். அதைத் தொலைக்காட்சிக்கு ஒரு மணிநேர நிகழ்ச்சியாக்கி எங்களிடம் அனுப்பினார்கள். ஐறீன் முதலே எழுதியிருந்தார். காது கேளாதோர் கழகத்திலிருந்து இரண்டு தோழிகளைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாராம். “கடைசிப் பாட்டு இதுவரை எங்கும் அச்சில் வராதது. அதை நான் திரையில்தான் வாசிக்க வேண்டும்.”

கடைசிப் பாட்டுக்கு வந்தேன். நோரா பாடத் தொடங்குகிறார், இரண்டு வரி போகிறது. அதற்குமேல் நிகழ்ச்சி நடத்துனரின் பேச்சு வந்து பாட்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. எப்பேர்ப்பட்ட குரல், எத்தனை தலைமுறையின் குரல், மறக்க முடியாத குரல். ஒன்பது வசனம். அடியில் நோரா பாடிக்கொண்டிருக்கிறார், ஆனால் காற்றுப் போவதுபோலத்தான் கேட்கிறது. பேச்சும் பாட்டும் சேர்ந்து வந்தால் பேச்சை எழுத வேண்டும் என்பது எங்கள் சட்டம். மூன்று வசனம் தட்டினேன். பிறகு கை ஓடவில்லை. மேசையில் மூன்று பெண்கள் சாப்பாட்டோடு காத்திருந்து இதையா வாசிப்பது?

தயாரிப்பாளர் டெரெக்குக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் கெட்ட மனிதரல்ல. “யோகன், குரல் போய்விட்டது. அதை அப்படியே விட்டால் அவருக்கு மானக்கேடு. நான் அவரைக் காப்பாற்றத்தான் பார்க்கிறேன்” என்றார்.

“குரல் போனது சரி. பாட்டுப் போகவில்லையே” என்றேன்.

கிறேஸிடம் போனேன். அவர் வழக்கம்போலச் சத்தத்தை அடைத்துப் பார்த்தார், படத்தை நிறுத்தினார், அதே கேள்வியைக் கேட்டார். இந்த மனிதருக்கு இப்போது என்ன தெரியும்?

“ஒருவர் பாடுகிறார். இன்னொருவர் அவரைப் பாடவிடாமல் புகழ்கிறார்.”

“வழி?”

“நடத்துனருக்கு மேலே ஒரு வரி. ஒன்பது வசனத்தையும் நான் மூன்றாக்கித் தருகிறேன். கீழே இரண்டு வரியும் பாட்டுக்கு.”

இருபத்தாறு வருடத்தில் என் கத்தரிக்கோல் மனநிறைவோடு வேலை செய்தது அன்றைக்குத்தான். கிறேஸ் சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனை. அடுத்த நாள் நாலு மணிக்குள் பாட்டின் சொல் முழுக்கக் கையில் இருக்க வேண்டும், ஊகம் ஒன்றும் கூடாது. இல்லாவிட்டால் பழையபடி ஒன்பது வசனம்தான். டெரெக் முணுமுணுத்துக்கொண்டு நோராவின் ஒலிவாங்கியில் பதிவானதைத் தனியாக அனுப்பினார். அன்று இரவாகும்வரை கேட்டேன். ஒருத்தி தனியாளுக்குச் சமைக்கப் பழகுகிற பாட்டு. பழைய சமையல் குறிப்பைப் பாதியாக்குகிறாள், முட்டையை எப்படிப் பாதியாக்குவது என்று தெரியாமல் நிற்கிறாள். எல்லாம் பிடிபட்டது, இரண்டாம் பந்தியின் கடைசி இரண்டு வரி தவிர. அங்கே வெறும் மூச்சுத்தான்.

மறுநாள் காலை டெரெக்கிடம் கெஞ்சி நோராவின் மகளின் இலக்கத்தை வாங்கினேன். மகள் தாயிடம் தொலைபேசியைக் கொடுத்தார். உமியில் நடப்பதுபோல ஒரு சத்தம்.

“யார் நீங்கள்? என்ன வேண்டும்?”

நான் யாரென்று சொன்னேன். இரண்டாம் பந்தியில் இரண்டு வரி கேட்கவில்லை, அந்தச் சொற்கள் வேண்டும் என்றேன்.

“ஐம்பது வருடம்” என்றார். “எப்படி மூச்சுப் பிடிக்கிறேன், தொண்டைக்கு என்ன குடிக்கிறேன், இதைத்தான் கேட்டார்கள். ஒரு சொல்லுக்காக என்னை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. எந்த நாடு உங்களுக்கு?”

“இலங்கை. தமிழ் ஆள்.”

“உங்கள் ஆட்களுக்குப் பாட்டு எழுதுகிறவரைத் தெரியுமா?”

“தெரியுமாவா? எந்தப் பாட்டை எந்தக் கவிஞர் எழுதினார் என்று தேத்தண்ணிக் கடையில் அடிபடுவார்கள்.”

“நான் பிழையான இடத்தில் பிறந்துவிட்டேன்” என்று சிரிக்கப் பார்த்தார், அது இருமலாகிவிட்டது. பிறகு சொன்னார். “அந்த இரண்டு வரியில் ஒன்றுமில்லை. ‘தனிமை, ஓ தனிமை, தனிமை’ என்றுதான் இருக்கிறது. யாருக்காக எழுதுகிறீர்கள் இதை?”

ஐறீனைப் பற்றிச் சொன்னேன். பிறந்ததிலிருந்து காது கேளாதவர், உங்களுடைய பாட்டு முழுவதும் அவருக்கு மனப்பாடம், என். வில்மட் யார் என்று எனக்குச் சொன்னவரே அவர்தான் என்றேன்.

“என் குரலை அவர் கேட்டதேயில்லையா?”

“ஒருநாளும் இல்லை.”

“அப்படியென்றால் அவருக்கு நான் யார்?”

“எழுதுகிறவர்” என்றேன்.

“அந்த இடத்தை நான் எழுதவேயில்லை” என்றார். “குரல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அது பழக்கம். சில பாட்டில் இரண்டு வரி சும்மா விடுவேன், குரல் வந்து நிரப்பும். இப்போது குரலுமில்லை. அவருக்கு அங்கே ஒன்றுமே கிடைக்காது. எனக்குப் பத்து நிமிடம் தருவீர்களா?”

நான் தயங்கினேன். வாயில் வந்ததுதான் திரையில் வர வேண்டும், அது எங்கள் தொழிலின் அடித்தளம். ஆனால் கேட்பது நோரா. “இரண்டு வரிதான். வரிக்கு முப்பத்திரண்டு எழுத்து, இடைவெளியும் சேர்த்து” என்றேன்.

“முப்பத்திரண்டா? நல்லது” என்றார். வேலை கிடைத்த ஆள்போல இருந்தது அந்தக் குரல்.

பத்து நிமிடம் அரை மணித்தியாலமானது. தொலைபேசியை வைக்கவில்லை. அவர் ஒன்று சொல்வார், நான் விரல் விட்டு எண்ணி, ஐந்து எழுத்துக் கூட என்பேன். தனக்குள் முணுமுணுத்து வேறு ஒன்று சொல்வார். ‘இதயம்’ என்று ஒரு சொல் வந்தது. “சீ, இது வேண்டாம்” என்று தானே எறிந்தார். நாலாவது முறை வந்தது. ‘எல்லாவற்றையும் பாதியாக்கிவிட்டேன், கை மட்டும் இன்னும் இரண்டு பேருக்கு உப்புப் போடுகிறது.’ ஆங்கிலத்தில் முதல் வரி முப்பத்தொன்று, இரண்டாவது இருபத்தேழு. “சரியாக இருக்கிறதா?” என்று அவர் என்னிடம் கேட்டார். ஐம்பது வருடம் எழுதியவர், கோப்பை கழுவ வந்த என்னிடம் கேட்டார். நான் ‘ஓம்’ என்று எங்கள் ஊர்த் தமிழில் ஆமோதித்துவிட்டேன். அவருக்கு விளங்கியது.

நாலு மணிக்குக் கிறேஸ் பார்த்தார். அந்த இடத்தில் நிறுத்தினார். அவர் அந்த ஒலியையும் கேட்டிருந்தார், ஆகவே அவரை ஏமாற்ற முடியாது. “அவர் பாடியது இதுவல்ல” என்றார். நடந்ததைச் சொன்னேன். கிறேஸ் விதியை வளைக்கிறவரல்ல, காற்புள்ளிக்குக்கூட விட்டுக்கொடுக்கமாட்டார். கம்பளிச் சட்டையின் பொத்தானைத் திருகியபடி அந்த இரண்டு வரியையும் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் படிவத்தில் ‘சொன்னதும் எழுதியதும் ஒன்றா’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ‘இல்லை’ என்று எழுதினார். கீழே, ‘இரண்டு வரிகள், பாட்டை எழுதியவரால் திருத்தப்பட்டன. பொறுப்பு என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

ஒளிபரப்பான பிறகு நாலைந்து முறைப்பாடு வந்தது, எழுத்தும் ஒலியும் பொருந்தவில்லை என்று. எல்லாம் காது கேட்கிறவர்கள். கிறேஸ் ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டார். ஐறீனிடமிருந்து அட்டை ஒன்று வந்தது. மூன்று பெண்களும் உப்பு வரியில் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்களாம், ஒருத்தி புருசனை இழந்தவளாம். அது திருத்திய வரி என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. தொழில் விசயம், வெளியே சொல்லக்கூடாதென்று இருந்துவிட்டேன்.

இப்போது நோராவும் போய்விட்டார். நேற்று முன்தினம் ஐறீனிடமிருந்து கடிதம் வந்தது. அவருக்கும் எண்பது ஆகிறது, கையெழுத்து நடுங்குகிறது. “பத்திரிகைகளையெல்லாம் வாசித்துவிட்டேன். எல்லோரும் குரலைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். நீங்கள் இரண்டையும் அறிந்தவர். எனக்குப் பொய் சொல்லாதீர்கள். நான் அதிகம் தவறவிட்டுவிட்டேனா?”

கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். பவானியிடம் காட்டினேன். “பொய் சொல்லாதேங்கோ. அந்த மனுசி கண்டுபிடிச்சிடும்” என்றாள்.

இன்று காலை பதில் எழுதினேன். நல்ல குரல்தான், நீங்கள் தவறவிட்டது உண்மைதான், அதற்காக எனக்குக் கவலை என்று எழுதினேன். அடுத்து இதையும் எழுதினேன். கடைசிப் பாட்டில் உப்பு வருகிற அந்த இரண்டு வரியும் எங்கள் ஒருவர் காதிலும் விழவில்லை. அவர் அதைப் பாடவில்லை. நீங்கள் வாசிப்பீர்கள் என்று சொன்னதும், உங்களுக்கென்று உட்கார்ந்து எழுதினார்.